தாயில்லாத ரேடியம்

அந்த வழக்கின் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் என் கை முதலில் ஒரு நாற்பது பக்க நோட்டைத்தான் தேடும். நீல அட்டை, மடங்கிய மூலை, அங்கங்கே கிரீஸ் கறை. சனிக்கிழமை கூலி வாங்கியதும் என் கட்சிக்காரர் தன் கைப்பட எழுதி, யார்டு மேஸ்திரியிடம் சுருக்கொப்பம் வாங்கி வைத்த நோட்டு. 2009 ஆகஸ்டில் அதில் ஒரு வரி வரும்: ‘குழாய் 2, பிடித்தம் 700’. அடுத்த சனிக்கிழமையும் அதே வரி, அதே தொகை. பழைய குழாய் இரண்டை வீட்டுக்கு எடுத்துப் போனதற்காகக் கூலியில் பிடித்த 1,400 ரூபாய். அந்தக் கணக்கை அவர் எழுதி வைக்காமல் இருந்திருந்தால் அந்த வழக்கை நான் நடத்தியிருக்கவே முடியாது.

2013 ஜூன் மாதம் அவர் தூத்துக்குடியில் என் அலுவலகத்துக்கு வந்தார். மாடிப்படி பதினான்கு. ஏறி முடிக்க இரண்டு தடவை நின்றார். மனைவி பின்னாலேயே ஒரு கையை அவர் முதுகில் வைத்தபடி ஏறினார். நாற்பத்தொரு வயது. சொந்த ஊர் குமரி மாவட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம். கடலுக்குப் போகும் குடும்பம்தான், ஆனால் அண்ணன் கடலில் போனதற்குப் பிறகு அம்மா இவரைக் கட்டுமரத்தில் ஏறவிடவில்லை. 2004இல் தூத்துக்குடியில் ஒரு பழைய குழாய் யார்டில் வேலைக்குச் சேர்ந்தார். ஒன்பது வருடம். இருமலில் இரத்தம் வந்து பரிசோதித்தபோது நுரையீரல் புற்றுநோய் என்றார்கள். இரண்டு மாதம் வேலைக்குப் போகாததும் யார்டில் பெயரை எடுத்துவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டு வந்தது இழப்பீடு இல்லை. பிடித்த வருங்கால வைப்பு நிதியை வாங்கித் தர முடியுமா என்று கேட்டுத்தான் வந்தார்.

என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டேன். அவர் எழுந்து நின்று செய்து காட்டினார். வளைகுடா நாடுகளின் எண்ணெய்க் கிணறுகளில் பல வருடம் கிடந்து கழித்த குழாய்கள் கை மாறி கை மாறி அந்த யார்டுக்கு வந்து சேரும். ஒவ்வொன்றும் முப்பது அடி நீளம், ஏறக்குறைய மூன்று அங்குல விட்டம். உள்சுவரில் சாம்பலும் வெள்ளையும் கலந்த ஒரு கெட்டி படிந்திருக்கும். யார்டில் அதற்குப் ‘பொருக்கு’ என்று பெயர், புண்ணில் காய்ந்த பொருக்கு மாதிரி. வெளியிலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி முதலில் அதை இளக்குவார்கள். பிறகு நீண்ட கம்பியில் எஃகுப் பிரஷ்ஷைக் கட்டி, மோட்டாரில் சுழலவிட்டு உள்ளே செலுத்துவார்கள். கடைசியாக ஒரு முனையில் காற்றை அடித்தால் மறு முனையில் பொடி புகையாகக் கிளம்பும். அந்த மறு முனையில் சாக்குப் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பது இவர் வேலை. வாயில் ஒரு கைக்குட்டை. பையில் விழுந்ததை யார்டின் தாழ்ந்த மூலையில் கொட்டுவார்கள். சுத்தமான குழாய்களை வெட்டி, ஆழ்துளைக் கிணற்றுக்கும் மாட்டுக் கொட்டகைத் தூணுக்கும் விற்பார்கள்.

“ஒரு நாளைக்கு எத்தனை குழாய்?”

“அறுபது எழுபது ஓடும் சார். ராத்திரி வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினா சாம்பலாட்டு வரும்.”

தூசி என்றதும் என் மனம் சிலிகாவுக்குப் போயிற்று. கல் குவாரி ஆட்களுக்காகச் சிலிக்கோசிஸ் வழக்குகள் நடத்தியிருந்தேன். அதே தடத்தில் மனுவைத் தயாரிக்க நினைத்து நெஞ்சக மருத்துவர் ஒருவரிடம் எக்ஸ்ரேயைக் காட்டினேன். சிலிக்கோசிஸ் அடையாளம் எதுவும் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அந்த வாரத்தில்தான், அணு உலை ஒன்றில் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் தன் வீட்டுப் பத்திரம் விஷயமாக என்னைப் பார்க்க வந்தார். பேச்சுவாக்கில் இந்தப் பொருக்கைப் பற்றிச் சொன்னேன். அவர் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தார். “எண்ணெய்க் கிணற்றுக் குழாயா? அந்தப் பொருக்கு ஒரு ஸ்பூன் கிடைக்குமா?” என்று கேட்டார்.

அன்று மாலை முழுவதும் அவர் எனக்குப் பாடம் எடுத்தார். பூமிக்கு அடியில் பாறைகளில் இயல்பாகவே யுரேனியமும் தோரியமும் சிறிதளவு உண்டு. அவை சிதைந்து சிதைந்து ரேடியமாகும். எண்ணெயோடு சேர்ந்து மேலே வரும் உப்பு நீரில் யுரேனியமும் தோரியமும் ஏறக்குறையக் கரைவதே இல்லை. ரேடியம் கரையும். அதன் குணம் பேரியத்தின் குணம். எண்ணெயை உந்தித் தள்ளுவதற்காகக் கிணற்றுக்குள் கடல் நீரைச் செலுத்தும்போது அதிலுள்ள சல்ஃபேட்டும் நிலத்தடி நீரிலுள்ள பேரியமும் சேர்ந்து பேரியம் சல்ஃபேட்டாகிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்கின்றன. ரேடியமும் பேரியத்தோடு சேர்ந்தே போய் அந்தப் படிவில் உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண அமிலத்தில் அது கரையாது. அதனால்தான் தட்டியும் சுரண்டியும் எடுக்க வேண்டியிருக்கிறது. ரேடியம்-226 பாதியாகக் குறைய 1,600 வருடம் ஆகும்.

இது நேற்றுக் கண்டுபிடித்த சங்கதி இல்லை. சோவியத் ஒன்றியத்தில் ஊக்தா என்ற இடத்தில் 1930களிலிருந்து 1950களின் நடுப்பகுதிவரை எண்ணெய் வயலின் நிலத்தடி நீரிலிருந்தே ரேடியத்தைப் பிரித்தெடுத்தார்கள், கைதிகளின் உழைப்பில். எண்ணெய்த் தொழிலில் சேரும் கதிரியக்கக் கழிவைக் கையாள்வதற்கென்றே சர்வதேச அணுசக்தி முகமை 2003இல் ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. உலகெங்கும் அளந்த பொருக்குகளில் ஒரு கிராமுக்கு 0.1 முதல் 15,000 பெக்கெரல் வரை ரேடியம்-226 இருந்ததாக அது சொல்கிறது. நொடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கெரல். கட்டுப்பாடு தேவையா இல்லையா என்று பார்க்கத் தொடங்கும் எல்லை கிராமுக்கு 1 பெக்கெரல். 0.1க்கும் 15,000க்கும் நடுவே எங்கே நிற்கிறோம் என்பது அளந்தால் மட்டுமே தெரியும். எங்கள் வழக்கில் யாரும் அளந்திருக்கவில்லை.

1923ஆம் வருடத்துத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாவது அட்டவணை, ஆ பகுதியில் கதிரியக்கப் பொருள்களாலும் அயனியாக்கும் கதிர்வீச்சாலும் வரும் நோய்கள் இருந்தன. அவற்றின் தாக்கத்துக்கு உட்படுத்தும் ‘எல்லா வேலைகளும்’ அதற்குள் அடங்கின. அணு உலை என்றோ மருத்துவமனை என்றோ அங்கே வரம்பு இருக்கவில்லை. தொடர்ந்து ஆறு மாதம் அப்படிப்பட்ட வேலையில் இருந்தவருக்கு அந்த நோய் வந்தால், மாறாக நிரூபிக்கப்படும்வரை அது வேலையால் வந்த விபத்துக் காயமாகவே கருதப்படும் என்றது 3(2) பிரிவு. இருபது வருடம் தொழிலாளர் வழக்கு நடத்தியும் அந்த அட்டவணை வரியை நான் ஒரு தடவைகூடப் பயன்படுத்தியதில்லை. 2013 ஆகஸ்டில் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டேன்.

யார்டுக்காரர் தரப்பு எதிருரை சுருக்கமானது: நாங்கள் வாங்குவது இரும்பு, எங்களுக்கும் கதிர்வீச்சுக்கும் சம்பந்தம் இல்லை. 2010இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடையொன்றில் கோபால்ட்-60 கிடந்து ஒருவர் இறந்ததை நான் மனுவில் சொல்லியிருந்தேன். பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விட்ட பழைய கருவிக்குள் இருந்த கோபால்ட் அது. அது கருவி, இது குழாய் என்றார்கள். அந்தப் பதில் தவறென்று சொல்ல மாட்டேன். அங்கே இருந்தது சில நாளில் ஆளைச் சாய்க்கும் வீரியம். இங்கே இருந்தது வருடக்கணக்கில் மூச்சோடு போகும் பொடி. இரண்டையும் ஒரே பயத்தில் சேர்த்துப் பேசியது என் பிழை. அந்த ஓய்வுபெற்ற கதிர்வீச்சுப் பாதுகாப்பு அலுவலர் அதற்காக என்னைக் கடிந்துகொண்டார். இனி அவரை ‘அலுவலர்’ என்றே எழுதுகிறேன்.

நேரில் பார்வையிட ஆணையருக்கு விதியில் இடம் உண்டு. மனுச் செய்தேன், ஆணையர் அம்மாவும் ஒப்புக்கொண்டார். 2013 அக்டோபரில் ஒரு காலை நாங்கள் போய் இறங்கியபோது யார்டு கழுவிவிட்டாற்போல் இருந்தது. கழுவித்தான் விட்டிருந்தார்கள். குழாய் ஒன்றுகூட இல்லை. தாழ்ந்த மூலையில் புதுக் கிராவல் அடித்து மட்டப்படுத்தியிருந்தார்கள். எதிர்த்தரப்பு அழைத்து வந்த ஆள் மீட்டரை இடுப்புயரத்தில் பிடித்துக்கொண்டு கேட்டிலிருந்து கொட்டகைவரை நடந்தார். மணிக்கு 0.1 மைக்ரோசீவெர்ட், எந்த ஊர்த் தெருவிலும் இருக்கும் அளவு. ஆணையர் அம்மா அதைக் குறித்துக்கொண்டார். அலுவலர் என் காதருகே வந்து, “இந்த மீட்டர் இன்றைக்கு இங்கே இருப்பதைச் சரியாகத்தான் சொல்கிறது. ஒன்பது வருடமாக அந்த மனுஷன் எதைச் சுவாசித்தார் என்பதை இது எப்படிச் சொல்லும்?” என்றார்.

ரேடியம் விடும் ஆல்ஃபா துகளை ஒரு தாள் நிறுத்திவிடும், தோலும் நிறுத்திவிடும், குழாயின் இரும்பு நிச்சயமாக நிறுத்திவிடும். வெளியே வருவது காமா மட்டும்தான், அதுவும் குறைந்த அளவில். அதே ஆல்ஃபா பொடியோடு நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், நடுவே தாளும் கிடையாது, தோலும் கிடையாது. வெளியே மீட்டர் பிடித்து அபாயத்தை மதிப்பிடுகிறவர் ஆபத்தின் சின்னப் பாதியைத்தான் பார்க்கிறார். அந்த ஆள் எங்கே நின்றார், எத்தனை மணி நேரம், பொடி எந்தப் பக்கம் பறந்தது, வாயில் என்ன கட்டியிருந்தார் என்று வேலையைக் கேட்டறிந்தால்தான் மீதிப் பாதி தெரியும். அதற்கு அந்த மனிதரைத்தான் கேட்க வேண்டும். அதுவரை யார்டில் அவரை யாரும் கேட்டதே இல்லை.

பொருக்கு இல்லாமல் வழக்கு இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் நவம்பரில் அவர் வாக்குமூலத்துக்குத் தேவையானதைக் கேட்க ஊருக்குப் போனேன். படுக்கையில் இருந்தார். நோட்டைப் புரட்டிக்கொண்டே வந்தவன் அந்த ‘குழாய் 2’ வரியில் நின்றேன். “இது என்ன?” என்று கேட்டேன். அவரால் பேச முடியவில்லை, வாசல் பக்கம் கையைக் காட்டினார். திண்ணையின் தகரக் கூரையைத் தாங்கிக்கொண்டு இரண்டு குழாய்த் தூண்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கொடி கட்டி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. கழித்துப்போட்ட குழாய்கள் அவை. பிரஷ் உள்ளே போகாத அளவுக்குப் பொருக்கு அடைத்திருந்ததால் மலிவாகக் கொடுத்திருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அலுவலர் மீட்டரோடு வந்தார். திண்ணையில் 0.3. தூணை ஒட்டினாற்போல் 1.4. கூரைத் தகரத்தை ஓர் ஓரம் தூக்கி, ஏணியில் நின்று, முகமூடி அணிந்து, நீளக் கரண்டியால் மேல் முனையின் உள்ளே மெல்லச் சுரண்டினார். தட்டக்கூடாது, பொடி பறக்கக்கூடாது என்று நனைத்த துணியைச் சுற்றிலும் கட்டியிருந்தார். பிளாஸ்டிக் டப்பாவில் விழுந்தது பார்வைக்குச் சுண்ணாம்புக் காறைதான், ஆனால் கையில் வாங்கினால் அந்த அளவுக் காறைக்கு இருக்க வேண்டிய எடையைவிட அதிகமாகக் கனத்தது. பேரியம் சல்ஃபேட் கனமான பொருள் என்றார். ஊர்ப் பெரியவர் இருவர் கையெழுத்தோடு டப்பாவை முத்திரையிட்டோம்.

அன்றுதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னோம். தன் நோயைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “புள்ளைகளுக்கு?” என்றார். வேலையில் போட்ட சட்டையை வீட்டில்தான் துவைத்தார்கள், எல்லார் துணியோடும் சேர்த்து. அலுவலர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார்: பொடி மூச்சில் போனால்தான் பெரிய கணக்கு. தூண் நின்ற இடத்தில் நிற்கட்டும், யாரும் அறுக்கவோ தட்டவோ கூடாது. பிள்ளைகள் அதன் மேலேயே சாய்ந்து தூங்க வேண்டாம். அவ்வளவு போதும், பிள்ளைகளுக்குப் பயமில்லை. அவர் அலுவலரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை. 2014 மார்ச்சில் இறந்தார். மனுவில் அவர் மனைவியையும் பிள்ளைகள் இருவரையும் வாரிசுகளாகச் சேர்த்தேன்.

ஆய்வகத்தில் அந்த மாதிரியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து மூன்று நான்கு வாரம் அப்படியே வைக்க வேண்டும். ரேடியத்திலிருந்து பிறக்கும் ரேடான் வாயு வெளியேறாமல் உள்ளேயே பெருகி, அதற்கடுத்த தலைமுறைகளும் சமநிலைக்கு வந்த பிறகு எண்ணினால்தான் கணக்குச் சரியாக வரும். அறிக்கை வந்தது: ரேடியம்-226 கிராமுக்கு 38 பெக்கெரல், ரேடியம்-228 கிராமுக்கு 12.

எதிர்த்தரப்பு மூத்த வழக்கறிஞர் திறமையானவர். அறிக்கையைப் படித்துவிட்டு அடுத்த வாய்தாவில் ஒரு வாதத்தோடு வந்தார், அன்றிரவு எனக்குத் தூக்கம் போயிற்று. இறந்தவரின் ஊர் மணவாளக்குறிச்சிப் பக்கம். அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருக்கிறது, மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. மத்திய அரசு நிறுவனமே அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. கூரைக்கடியில் திறந்து கிடந்த குழாய்க்குள் காற்றில் மணல் விழுந்திருக்கிறது. மீட்டர் காட்டியதும் மணல், ஆய்வகம் கண்டதும் மணல். நோய்க்குக் கதிர்வீச்சுதான் காரணம் என்றால், பிறந்ததிலிருந்து அவர் மிதித்து வளர்ந்த மண்ணைத்தான் குற்றம் சொல்ல வேண்டும், யார்டை அல்ல.

மறுநாள் காலை அலுவலருக்குப் போன் செய்தேன். அவர் பதறவில்லை. “அறிக்கையில் கடைசி இரண்டு வரியைப் பாருங்கள்” என்றார். யுரேனியம்-238: கண்டறியும் அளவுக்குக் கீழ். தோரியம்-232: கண்டறியும் அளவுக்குக் கீழ். அந்த இரண்டு வரிகளை ஒன்றுமில்லை என்ற பொருளில் படித்துவிட்டு நான் தாண்டியிருந்தேன்.

அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினேன். கதிரியக்கத்தில் மூலத்தைத் தாய் என்றும் அதிலிருந்து பிறப்பதைச் சேய் என்றும் சொல்வார்கள் என்று தொடங்கினார். மோனசைட் மணலில் தோரியமும் இருக்கும், அதிலிருந்து பிறந்த ரேடியம்-228உம் இருக்கும். தாயும் பிள்ளையும் ஒரே மணல் துகளுக்குள் ஒன்றாக. ரேடியம் மட்டும் தனியே பிரிந்து வர வேண்டுமானால் தாய் கரையாமல் பாறையிலேயே தங்கி, பிள்ளை மட்டும் நீரில் கரைந்து வெளியேற வேண்டும். அது பூமிக்கு ஆயிரக்கணக்கான அடி கீழே, எண்ணெய்க் கிணற்று உப்பு நீரில் நடக்கும். “இந்த டப்பாவில் இருப்பது தாயில்லாத ரேடியம் அம்மா. கூடவே பேரியம் சல்ஃபேட். இது கடற்கரை மணல் இல்லை.” ஆணையர் அம்மா எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்திவிட்டு, அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். நோட்டிலிருந்த பிடித்தம் குழாயை யார்டோடு கட்டியது, தாய் இல்லாதது குழாயை எண்ணெய்க் கிணற்றோடு கட்டியது.

குறுக்கு விசாரணையில் மூத்தவர் வேறு வழியில் வந்தார். கேரளத்துக் கருநாகப்பள்ளியில் இதே மோனசைட் மணலில் வாழும் ஏறக்குறைய 70,000 பேரைப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2009இல் வெளிவந்தது. காமா கதிர்வீச்சு கூடியதால் புற்றுநோய் கூடியதாக அதில் தெரியவில்லை. ஆகவே இந்த அளவுக் கதிர்வீச்சால் நோய் வராது என்றார். நல்ல ஆய்வு, நானும் படித்திருந்தேன். போன வாய்தாவில் ஊர் மண்ணால் நோய் வந்தது என்று சொன்னவர், இந்த வாய்தாவில் அப்படிப்பட்ட மண்ணால் நோய் வராது என்கிறார் என்பதை மட்டும் ஆணையர் கவனத்துக்குக் கொண்டுவந்தேன். அலுவலர் சொன்ன பதில் அதைவிட முக்கியமானது: அந்த மக்கள் பெற்றது வெளியிலிருந்து உடம்பில் விழும் காமா, இவர் பெற்றது உள்ளே இழுத்த பொடி. அதை வைத்து இதை அளக்க முடியாது.

பிறகு அந்தக் கேள்வி வந்தது, வந்தே தீர வேண்டிய கேள்வி. “இந்தப் பொடியால்தான் இவருக்குப் புற்றுநோய் வந்தது என்று சத்தியமாகச் சொல்வீர்களா?”

அலுவலர் தன் கணக்கை விரித்து வைத்தார். ஒரு கனமீட்டர் காற்றில் 5 மில்லிகிராம் நுண்தூசி. அந்த மாதிரி வேலைக்கு இது கூடுதலான ஊகம் இல்லை. மணிக்கு 1.2 கனமீட்டர் மூச்சு. வருடத்துக்கு 2,000 மணி. அப்படியானால் ரேடியம்-226 மட்டும் வருடத்துக்கு ஏறத்தாழ 450 பெக்கெரல் உள்ளே போகும். அதோடு ரேடியம்-228, அவற்றின் சந்ததியான ஈயம், பொலோனியம், தோரியம்-228. நுரையீரலில் எவ்வளவு காலம் தங்கும் என்பதைப் பொறுத்து வருடத்துக்கு 2 முதல் 10 மில்லிசீவெர்ட். பொதுமக்களுக்கு இயற்கைப் பின்னணிக்கு மேல் வருடத்துக்கு 1 மில்லிசீவெர்ட்தான் வரம்பு. கதிர்வீச்சுப் பணியாளருக்குச் சராசரி 20, ஆனால் அவருக்குப் பயிற்சியும் அளவைப் பட்டையும் மருத்துவப் பரிசோதனையும் உண்டு. இவருக்கு ஒரு கைக்குட்டை. ஒன்பது வருடக் கணக்கில், உச்ச அளவே எடுத்தாலும், வாழ்நாள் புற்றுநோய் அபாயம் கூடுவது ஆயிரத்துக்கு நான்கைந்து பேர் என்ற அளவில். “ஆகவே இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். இது காரணமில்லை என்று வேறு யாராலும் சொல்ல முடியாது” என்றார்.

என் சாட்சி என் வழக்கைக் கவிழ்த்துவிட்டதாக என் ஜூனியர் நினைத்தார். எனக்கும் அந்த நிமிடத்தில் வயிறு கலங்கத்தான் செய்தது. ஆனால் அந்தப் பதிலுக்கு முன்பே, வேறொரு வழி இருப்பது எனக்குத் தெரிந்திருந்தது. அமெரிக்காவில் நியூஜெர்சியில் கடிகார முகப்பில் ரேடியம் வண்ணம் தீட்டிய பெண்களின் வழக்கைப் படித்திருந்தேன். தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, ரேடியத்தை விழுங்கியவர்கள். அவர்களுக்கு முன்பே இறந்த ஒரு பெண்ணின் உடலை 1927இல் தோண்டியெடுத்து எலும்பைச் சோதித்தார்கள். எலும்பில் ரேடியம் இருந்தது. மறு வருடம் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. எலும்பில் சேர்ந்த ரேடியம் பல வருடம் அங்கேயே தங்கும். எங்கள் ஆளின் எலும்பில் ஒரு துண்டு கிடைத்தால் அவர் எவ்வளவு உள்வாங்கினார் என்பதை ஊகத்தைக் குறைத்துச் சொல்லலாம் என்று அலுவலரும் சொன்னார்.

கேட்பதற்காகப் போனேன். தூத்துக்குடியிலிருந்து மூன்று மணி நேரப் பயணம், பேருந்தில் வாக்கியங்களைக் கோர்த்துக்கொண்டே போனேன். அந்த அம்மா திண்ணையில் நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

“அவுகள எழுப்பாண்டாம் சார்” என்றார். அழவில்லை. சற்றுப் பொறுத்து, “கேஸு தோத்தா தோக்கட்டும். உங்க மேல எனக்கு வருத்தமில்ல” என்றார்.

மறுபடி கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை சம்மதித்திருப்பார், என் மேல் அவருக்கு மரியாதை இருந்தது. அதனாலேயே கேட்கக்கூடாது என்று தோன்றியது. அளவு தெரியாமல் போனது அந்தக் குடும்பத்தின் குற்றம் அல்ல. அந்த யார்டில் ஒருநாள், ஒரே ஒரு நாள், யாராவது ஒரு கிராம் பொருக்கை ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தால், கழுத்துப்பட்டையில் ஒரு காற்று வடிகட்டியை மாட்டியிருந்தால், இந்தக் கேள்விக்கு எண்ணாகவே பதில் இருந்திருக்கும். அளக்க முடிந்தவர் அளக்காமல் விட்டதை, செத்தவரின் கல்லறையைத் தோண்டி நிரப்பச் சொல்வது நியாயம் இல்லை. என் இறுதி வாதம் முழுவதையும் அதன் மேலேயே வைத்தேன். 3(2) பிரிவு ‘மாறாக நிரூபிக்கப்படும்வரை’ என்று சொல்லியிருப்பது இதற்காகத்தான்: தெரியாததன் சுமையை அது தொழிலாளி தலையில் வைக்கவில்லை. பொருக்கு யார்டுடையது, ரேடியம் பொருக்குடையது, அதைச் சுவாசிக்கும் வேலையில் அவர் ஒன்பது வருடம் இருந்தார். இதற்கு மேல் மாறாக எதையாவது நிரூபிக்க வேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

லூசியானாவில் ஹார்வி என்ற ஊரில் இதே மாதிரி குழாய் சுத்தம் செய்த 33 ஏக்கர் நிலத்தின் வழக்கையும் தேடிப் படித்தேன். 2001இல் ஜூரி நூறு கோடி டாலர் தண்டனைத் தொகை விதித்து, பிறகு அது ஏறக்குறைய 11 கோடியாகக் குறைந்தது. நிலத்தின் உரிமையாளர் ஒரு முன்னாள் நீதிபதி. நம் நீதிமன்றங்களை அது கட்டுப்படுத்தாது. இந்தத் தொழிலில் பொருக்கைப் பற்றி யாருக்கும் தெரியாது என்ற வாதத்துக்குப் பதிலாக மட்டும் அதைத் தாக்கல் செய்தேன்.

2016 பிப்ரவரியில் உத்தரவு வந்தது. நோய் அட்டவணைக்குள் வருகிறது, அனுமானத்தை எதிர்மனுதாரர் உடைக்கவில்லை. கூலி அதிகமாக வாங்கினாலும் அன்றைய கணக்குக்கு மாதம் 8,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதில் பாதி, நாற்பத்திரண்டு வயதுக்குரிய காரணி 178.49ஆல் பெருக்க, 7,13,960 ரூபாய். அதற்கு 12 சதவீத வட்டி. மேல்முறையீடு போக வேண்டுமானால் முழுத் தொகையையும் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும். கட்டிவிட்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பின் அங்கே சமரசம் பேசினார்கள்: தொகையைக் குடும்பம் எடுத்துக்கொள்ளலாம், முறையீட்டைத் திரும்பப் பெறுகிறோம் என்று. அதை ஏற்றால் அந்தச் சட்டக் கேள்வி உயர்நீதிமன்றத்தில் தீர்மானமாகாமலே போய்விடும். அடுத்த தொழிலாளிக்கு ஒரு தீர்ப்பு கிடைக்காமல் போகிறதே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் மூத்த பையன் பாலிடெக்னிக் சேரக் காத்திருந்தான். ஏற்றுக்கொண்டோம்.

யார்டின் விற்பனைப் பட்டியலை விசாரணையில் வாங்கியிருந்தோம். பில் போட்டது பாதி, போடாதது எத்தனையோ. பில்லில் முகவரி இருந்த இடங்களுக்கு நானும் அலுவலரும் விடுமுறை நாட்களில் போனோம். கொட்டகைத் தூண், தோட்ட வேலி, ஒரு கோயிலின் கொடிச் சீலைக் கம்பம். பெரும்பாலானவற்றில் மீட்டர் அசையவில்லை, பொருக்கு முழுதாகப் போயிருந்தது. அப்படிச் சுத்தமாக இருந்த ஒவ்வொரு குழாயின் முன்னும் அலுவலர் ஒரு நிமிடம் நின்றார்.

கடைசியாக அந்த வீட்டுக்குப் போனோம். தூணைப் பிடுங்கிவிடலாமா என்று அந்த அம்மாவிடம் கேட்டோம். பிடுங்கி எங்கே வைப்பது என்பதற்கு எங்களிடமும் உடனடியாகப் பதில் இல்லை. ஏற்பாடு ஆகும்வரை இரண்டு முனையையும் அடைத்து வைப்பதென்று முடிவாயிற்று. கொத்தனார் சிமெண்டைக் குழைத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். தட்டாமல், கரண்டியால் அழுத்தி அழுத்தி மேல் வாயை மூடினார். அந்த அம்மா துணிக்கொடியை அவிழ்த்துக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். வேலை முடிந்ததும், “இதுல கட்டலாமா சார்?” என்று அலுவலரிடம் கேட்டார். துணி காயப்போடலாம், ஒன்றும் ஆகாது என்றார் அவர். அந்த அம்மா கொடியை எடுத்துக்கொண்டு போய் எதிரே நின்ற முருங்கை மரத்தில் கட்டினார்.